தண்டையார்பேட்டையில் பிளம்ஸ் மரம் காய்க்குமா?

தண்டையார்பேட்டையில் பழைய தனி வீடு. பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடி மண் தரை. அதில் ஐந்து மாதத்துக்கு முன் இணையத்தில் வாங்கி நட்ட ஒரு பிளம்ஸ் ஒட்டுக்கன்று. "எந்தத் தட்பவெப்பத்திலும் வளரும், சமவெளிக்கு ஏற்றது, இரண்டாம் வருடமே காய்க்கும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இப்போது இலை ஓரமெல்லாம் கருகுகிறது, என்ன உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். குன்னூரில் வளர்ந்த அம்மாவுக்கு எழுபது வயதாகிறது, சொந்த வீட்டு மரத்திலிருந்து ஒரு பிளம்ஸ் பறித்து அவர் கையில் கொடுக்க வேண்டும், அது நடக்குமா? அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் அந்த மரம் காய்க்காது. அதில் உங்கள் கவனிப்புக் குறை எதுவும் கிடையாது. எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் காய்க்காது. ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். நீலகிரியில் பன்னிரண்டு வருடம் பழத்தோட்டங்களில் வேலை பார்த்தேன். 2009-லிருந்து கொடுங்கையூரில் இருக்கிறேன். மாடியிலும் தரையிலும் மரம் வளர்க்கிறேன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் கூப்பிட்டவர்கள் வீட்டுத் தோட்டங்களையும் போய்ப் பார்த்துச் சொல்வதுண்டு. ஆகவே பிளம்ஸ் நன்றாக இருக்கும் ஊரையும் தெரியும், அது திணறும் ஊரையும் தெரியும்.

பிளம்ஸ் குளிர்நாட்டு மரம். அடுத்த வருடம் பூக்க வேண்டிய மொட்டை இந்த வருடக் கோடையிலேயே கட்டி வைத்துவிடும். அதற்குப் பிறகு இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும். உறக்கத்திலிருந்து எப்போது எழுந்திருப்பது என்பதில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது. நடுப் பனிக்காலத்தில் நாலு நாள் வெயில் அடித்ததும் எழுந்து பூத்துவிட்டால், அடுத்த உறைபனியில் அத்தனை பூவும் கருகிப்போகும். அதனால் அது வெயிலை நம்பாது, குளிரைக் கணக்கு வைக்கும். இத்தனை மணி நேரம் குளிர் கழிந்தாயிற்று, இனி பனிக்காலம் முடிந்திருக்கும் என்று அதற்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கு நிறைந்த பிறகு வரும் வெயிலுக்குத்தான் மொட்டு விரியும்.

இதைக் குளிர் மணி நேரம் என்று சொல்வோம். பொதுவாக 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கழிந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒன்று என்று கூட்டுவார்கள். ஐரோப்பிய பிளம்ஸ் வகைகளுக்கு 700 முதல் 1,000 மணி நேரம் வரை வேண்டும். நம் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் ஜப்பானிய வகைகள். அவற்றில் பலவற்றுக்கு 400-லிருந்து 800 வரை. குறைந்த குளிரிலும் காய்க்க வேண்டும் என்றே உருவாக்கிய வகைகளுக்குக்கூட 200, 300 மணி நேரம் தேவை. நம் ஊரில் மார்கழி, தை மாத விடியற்காலையில் 20 டிகிரி இருக்கும். 18-க்கு வந்தால் எல்லோரும் காதை மூடிக்கொண்டு நடக்கிறோம். 15-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். 7 டிகிரி என்பது வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் குளிர். இந்த மணி நேரத்தைக் கூட்டுவதற்கு வேறு சில முறைகளும் உண்டு, மலைப்பகுதிகளில் ஒன்றுக்கொன்று வித்தியாசமான விடை கொடுக்கும். எந்த முறையில் கூட்டினாலும் சென்னைக்கு வருவது பூஜ்யம்தான். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நானே வளர்த்துப் பார்த்ததைச் சொல்கிறேன். 2011-ல் குன்னூரிலிருந்து இரண்டு ஒட்டுக்கன்றுகள் கொண்டுவந்தேன். ஒன்றைத் தரையில் வைத்தேன், மற்றொன்றைப் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் ட்ரம்மில். காய்க்காது என்று பாடம் படித்தவன்தான், ஆனாலும் பன்னிரண்டு வருடம் பழகிய மரத்தை விட்டு வர மனம் வரவில்லை. முதல் வருடம் இரண்டும் நன்றாகத் துளிர்த்தன. ட்ரம்மில் இருந்தது நாலைந்து பூக்கூடப் பூத்தது. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கன்றுகள் மலையில் ஒரு பனிக்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவை. அங்கே சேர்த்த குளிரைத்தான் இங்கே வந்து செலவழித்தன. கீழே கொண்டுவந்த கன்று முதல் வருடம் செழிப்பாக இருப்பதைப் பார்த்துப் பலரும் "எங்கள் வீட்டில் வருகிறதே" என்று நம்பிவிடுகிறார்கள். உங்கள் கன்றும் வந்த புதிதில் நன்றாகத் துளிர்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் வருடம்தான் நிலைமை தெரிந்தது. கார்த்திகையில் உதிர வேண்டிய இலை உதிரவில்லை. மங்கிப்போய், ஓட்டை விழுந்து, தை மாசி வரை ஒட்டிக்கொண்டே இருந்தது. பங்குனியில் புதுத் துளிர் கிளையின் நுனியில் மட்டும் வந்தது. நுனியில் ஒரு கொத்து இலை, அதற்குக் கீழே ஒன்றரை முழத்துக்கு வெறும் குச்சி. நடுக்கிளையில் மொட்டுகள் இருந்தன, ஆனால் அசையவே இல்லை. மூன்றாம் வருடம் அப்படிப்பட்ட ஒரு மொட்டைக் கிள்ளி எடுத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெளிச் செதில்கள் அடுக்கு குலையாமல் பளபளவென்று இருந்தன. உள்ளே, பச்சையாகக் குருத்து இருக்க வேண்டிய இடத்தில், தேயிலைத்தூள் நிறத்தில் காய்ந்த ஒரு புள்ளி. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதே கிளையில் நகத்தால் பட்டையைச் சுரண்டினால் அடியில் நல்ல பச்சை. மரம் உயிரோடு இருந்தது, மொட்டுகள் உறக்கத்திலேயே செத்துப்போயிருந்தன. தரையில் இருந்த மரம் 2014 மே மாத வெயிலில் போயிற்று. ட்ரம்மில் இருந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாலு நாள் தண்ணீருக்குள் நின்று அழுகிப்போயிற்று. அதற்குப் பிறகு நான் பிளம்ஸ் வைக்கவில்லை.

அடுத்து, 'சமவெளிக்கு ஏற்றது' என்ற சொல். இது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம்மை ஏமாற்றும் சொல். பஞ்சாபில் சமவெளியிலேயே பிளம்ஸ் சாகுபடி நடக்கிறது. சட்லஜ் பர்ப்பிள், காலா அமிர்தசரி என்ற இரண்டு வகைகளை அங்கே விவசாயப் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்கிறது. மே மாதத்தில் பழம் வந்துவிடும். அந்தக் கன்றுகளைத்தான் பல விற்பனையாளர்கள் சமவெளி பிளம்ஸ் என்று நாடு முழுக்க அனுப்புகிறார்கள். ஆனால் லூதியானாவிலும் அமிர்தசரஸிலும் ஜனவரி இரவில் 3, 4 டிகிரிக்கு இறங்கும், பகலிலேயே மூடுபனி நிற்கும். அதுவும் சமவெளி, நம்முடையதும் சமவெளி. ஆனால் மரத்துக்கு வேண்டியது உயரம் இல்லை, குளிர். பஞ்சாபுக்குக் குளிர் வடக்கே இருப்பதால் கிடைக்கிறது, குன்னூருக்கு 1,800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் கிடைக்கிறது. கடலோரத்தில், 13-வது அட்சரேகையில் இருக்கும் நமக்கு இரண்டு வழியிலும் கிடைக்காது. சமவெளி ஆப்பிள் என்று வரும் செய்திகளைப் பார்த்து பிளம்ஸும் அப்படித்தானே என்று பலர் கேட்கிறார்கள். ஆப்பிளில் குளிர் மிகக் குறைவாகக் கேட்கும் சில வகைகள் வந்திருப்பது உண்மை. அதை வைத்து பிளம்ஸுக்குக் கணக்குப் போட முடியாது, இரண்டும் வேறு வேறு மரம்.

இதற்குக் குறுக்கு வழி இருக்கிறதா என்று தேடினால் நிறைய யோசனை கிடைக்கும். வேரில் ஐஸ் கட்டி கொட்டச் சொல்வார்கள். பயனில்லை. குளிரை உணர்வது வேர் அல்ல, ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக உணர்கிறது. வேரைச் சில்லிட வைத்தால் தண்ணீர் உறிஞ்சுவதுதான் குறையும். இலையை உருவிவிடச் சொல்வார்கள். இதில் கொஞ்சம் விஷயம் உண்டு. இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் மலைப்பகுதியில் ஆப்பிள் அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிட்டு, மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதற்குள் தட்டி எழுப்பி, வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். ஆனால் அது ஆப்பிள், இடமும் இரவில் குளிரும் மலை. நான் 2013 ஐப்பசியில் ட்ரம் மரத்தில் செய்து பார்த்தேன். சில இலைமொட்டுகள் விரிந்தன, பூ ஒன்றுகூட இல்லை. ஒரே மரத்தில் ஒரே தடவை பார்த்ததை வைத்து அடித்துச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் உங்களைச் செய்யச் சொல்லவும் தைரியம் இல்லை, நோஞ்சான் மரத்தில் இலையை உருவினால் இருக்கிற தெம்பும் போய்விடும். மூன்றாவது, மருந்து தெளிப்பது. ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களில் கவாத்துக்குப் பிறகு மொட்டு எழுப்பப் பயன்படுத்துகிறார்கள். கடுமையான விஷம், தோலில் பட்டாலே ஆகாது. வீடும் கிணறும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் அதை நினைக்கவே வேண்டாம். அதோடு, பிளம்ஸில் அது கொஞ்சம் குறைந்த குளிரை ஈடுகட்டும், அடியோடு இல்லாத குளிரை ஈடுகட்டாது. தொட்டியோடு மரத்தைக் குளிர்பதனக் கிடங்கில் ஒன்றரை மாதம் வைத்து எடுப்பது மட்டும் கொள்கையளவில் பலிக்கும் வழி. ஆனால் அங்கே பழங்கள் இருந்தால் அவை வெளிவிடும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுத்துவிடும். ஒரு கிலோ பழத்துக்காக வருடாவருடம் யாரும் செய்யக்கூடிய காரியம் இல்லை.

இத்தனையும் தாண்டி நாலு பூ வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஜப்பானிய பிளம்ஸில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, அதே சமயத்தில் பூக்கும் வேறு ரக மரம் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் சொன்ன சட்லஜ் பர்ப்பிளுக்குத் துணையாகத்தான் பஞ்சாபில் காலா அமிர்தசரியை நடுகிறார்கள். ஒற்றைக் கன்றை விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஆசையோடு வாங்குகிறவர் மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, நம் கை ராசி சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். அடுத்து ஒரு கொய்யாகூட வைக்க மாட்டேன் என்கிறார்.

சரி, இலை ஓரம் கருகுவதற்கு வருவோம். இது குளிர் விஷயத்தோடு சம்பந்தப்படாத தனிப் பிரச்சினை. நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் உப்பு என்றுதான் படுகிறது. கீழே இருக்கும் முற்றிய இலைகளில் முதலில் ஆரம்பித்து, நுனியிலிருந்து ஓரம் வழியாகப் பழுப்பு ஏறி, நடுவில் பச்சை அப்படியே இருந்தால் அது உப்பு. வெயில் சுட்டிருந்தால் மேற்குப் பார்த்த இலைகளில் திட்டுத்திட்டாக, நடுவிலும் இருக்கும். உரம் அதிகமாகியிருந்தால் போட்ட நாலைந்து நாளிலேயே இளந்துளிரும் சேர்ந்து வாடும்.

நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். வடசென்னையில் இது தெரிந்த கதைதானே. கடலை ஒட்டிய மணல் பூமி, அடியில் உப்பு நீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியது 1960-களின் கடைசியிலிருந்தே கவனிக்கப்பட்ட விஷயம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1,500, 2,000 என்று காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பழமரங்களில் உப்பைத் துளியும் தாங்காத கூட்டம் என்றால் பிளம்ஸ், பீச், பாதாம் அடங்கிய குடும்பம்தான். மண்ணின் உப்பு, மின்கடத்துதிறன் அளவில் 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே இதன் விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும். தண்ணீரில் ஒரு டெசிசீமன்ஸ் என்பது மீட்டரில் ஏறக்குறைய 640. இப்போது உங்கள் தண்ணீரை அளந்து பாருங்கள், மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஊற்ற ஊற்ற உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், எண் 700-ஐத் தாண்டினாலே அந்தத் தண்ணீர் பிளம்ஸுக்கு ஆகாது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழியும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதில் உப்பு இன்னும் அதிகம், தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுங்கள், அது கிட்டத்தட்ட மழைநீர் மாதிரி. மெட்ரோ வாட்டர் இருந்தால் வாரம் ஒரு முறை நிறைய ஊற்றி, வேரைச் சுற்றி இருக்கும் உப்பைக் கீழே கழுவி இறக்குங்கள். மேலே நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு போடுங்கள். மண் காயக் காயத்தான் உப்பு மேலே ஏறும்.

ஆகவே என்ன உரம் போடலாம் என்ற கேள்விக்கு என் பதில், இப்போது எதுவும் போடாதீர்கள். ரசாயன உரங்களும் ஒரு வகை உப்புதான். கருகும் செடிக்கு டிஏபி போடுவது புண்ணில் உப்புத் தூவுவது போலத்தான். புது இலை ஓரம் கருகாமல் வர ஆரம்பித்த பிறகு இரண்டு கை மண்புழு உரம் போதும்.

இன்னொரு விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். கையில் இருப்பது பிளம்ஸ் கன்றுதானா? ஏனென்றால் பிளம் என்ற பெயரில் பத்து வகை மரம் விற்கிறார்கள். ஜாவா பிளம் என்றால் நம் நாவல். இந்தியன் பிளம் என்று இலந்தைக்கும் பெயர் உண்டு. ஹாக் பிளம் என்பது அம்பழங்காய். கவர்னர் பிளம் என்பது சொத்தைக்களா. நிஜமான பிளம்ஸ் இலை ஒன்று மாற்றி ஒன்றாக இருக்கும், ஓரம் முழுக்க நுணுக்கமான பல் இருக்கும். இலையைத் திருப்பி, காம்பு இலையோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். கடுகைவிடச் சிறிதாக ஒன்றோ இரண்டோ மணி போன்ற முடிச்சுகள் தெரியும், அவை தேன்சுரப்பிகள். இலை ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருந்து, ஓரம் வழவழவென்று, கசக்கினால் மாவிலை வாசம் வந்தால் அது நாவல். இலைக்கு அடியில் வெள்ளைப் பூச்சு போல் இருந்து, காம்பிலிருந்து மூன்று நரம்பு கிளம்பினால் இலந்தை. அப்படி ஏதாவது ஒன்றாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அது இங்கே காய்க்கும்.

நிஜமான பிளம்ஸ்தான் என்றால், குன்னூரிலோ கோத்தகிரியிலோ அம்மாவின் உறவுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் மழைக்காலம் முடிவதற்குள் கன்றை மண்ணோடு எடுத்து ஒரு பையில் கட்டி மேலே அனுப்பிவிடுங்கள். ஒரு பனிக்காலம் கழிந்தால் தேறிவிடும் என்று தைரியமாகச் சொல்வேன். இங்கேயே பார்த்துக்கொள்ள ஆசை என்றால், தரையிலிருந்து எடுத்து வடிகால் நன்றாக உள்ள தொட்டிக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் நிழல்வலை கட்டுங்கள். ஒட்டு போட்ட இடத்துக்குக் கீழே கிளம்பும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள், விட்டால் வேர்க்கட்டை மேலே வந்து ஒட்டைக் கொன்றுவிடும். ஒரு இலைச்செடியாக இரண்டு மூன்று வருடம் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கிறது என்பதால், அந்தத் தரையை மட்டும் காய்க்கிற மரத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்த மரம்? அம்மா தேடுவது தோல் புளித்து, உள்ளே இனித்து, கடித்ததும் சாறு வழியும் அந்தச் சுவைதானே. அதற்கு நம் தட்பவெப்பத்தில் மிக அருகில் வருவது சொத்தைக்களா. நம் கடலோரப் புதர்க்காடுகளில் தானாகவே வளரும் சாதி அது. கோலிக்குண்டு அளவுக்குக் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். பறித்ததும் அப்படியே கடித்தால் துவர்க்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டி, உள்ளே குழைந்த பிறகு வாயில் போட வேண்டும். கேரளத்தில் குழந்தைகள் இதன் உறவுக்காரப் பழத்தை அப்படித்தான் சாப்பிடுவார்கள். ஆண் மரம் பெண் மரம் தனித்தனியாக இருக்கும் இனம் என்பதால் விதைக்கன்று வாங்காதீர்கள். காய்த்துக்கொண்டிருக்கும் மரத்திலிருந்து எடுத்த ஒட்டோ பதியனோ கேட்டு வாங்குங்கள். முள் இல்லாத வகையும் சில நர்சரிகளில் கிடைக்கிறது.

உங்கள் தண்ணீருக்கு நிச்சயமாகத் தாக்குப்பிடிப்பது இலந்தை. ஆப்பிள் இலந்தை ஒட்டுக்கன்று இந்த ஐப்பசி மழையில் வைத்தால் அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் மார்கழியில் பழம் சாப்பிடலாம். உப்பையும் வறட்சியையும் பிளம்ஸைவிட வெகுவாகத் தாங்கும். ஒரே ஒரு வேலை, பழம் முடிந்ததும் பங்குனியில் பயப்படாமல் ஒட்டக் கவாத்து செய்ய வேண்டும். இலந்தை புதுக்கிளையில்தான் காய்க்கும். வெட்டாமல் விட்டால் கூரைமேல் ஏறி, மேலே நாலு காய் காய்த்து அணிலுக்குப் போகும். நாவல் எனக்கு மிகவும் பிடித்த மரம், ஆனால் உங்கள் இடத்துக்குச் சொல்ல மாட்டேன். பத்து வருடத்தில் சுவரையும் கழிவுநீர்த் தொட்டியையும் பதம் பார்க்கும், வார்தா மாதிரி ஒரு புயல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கவலை. அம்மா சீக்கிரமே கையால் பறிக்க வேண்டும் என்றால் சுவரோரம் ஒரு பெரிய தொட்டியில் பார்படாஸ் செர்ரி வையுங்கள். பூத்த மூன்று நாலு வாரத்தில் சிவக்கும், வருடத்தில் பல தடவை காய்க்கும், உட்கார்ந்தபடியே பறிக்கும் உயரம்தான். நல்ல புளிப்பு, வைட்டமின் சி மிக அதிகம். இதற்கு மட்டும் உப்புத் தண்ணீர் வேண்டாம், ஏ.சி. தண்ணீரை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். கன்று வாங்குவதற்கு முன் மாதவரத்தில் இருக்கும் தோட்டக்கலைத் துறைப் பூங்காவுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். மரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கொட்டை போட்டு வளர்க்கலாமா என்று உங்கள் பையன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். முளைக்க வைக்கலாம், பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். கொட்டையைக் கழுவி, ஈர மணலில் புதைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் வைக்க வேண்டும். விதைக்கும் அதே குளிர்க் கணக்கு உண்டு. முளைத்த செடி இங்கே காய்க்கப் போவதில்லை என்பதை முதலிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் வாயில் போட விடாதீர்கள். அதில் இருக்கும் அமிக்டலின், வயிற்றுக்குள் போனால் சயனைடாக மாறும்.

நீலகிரி பிளம்ஸ் மே, ஜூனில் வரும். அந்தச் சமயத்தில் அம்மாவைக் குன்னூருக்கு அழைத்துப்போக முடிந்தால், சிம்ஸ் பூங்காவை ஒட்டிய பழவியல் நிலையத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் சிறுவயதில் சாப்பிட்டது ரூபியோவா, வேறு ரகமா என்று அங்கே பழத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இப்போதைக்கு எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். இலையும் காம்பும் சேரும் இடத்தைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம், உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் அளவு. இரண்டும் கிடைத்தால் கன்றை எடுத்து மாற்றுவதா, கொஞ்ச நாள் அங்கேயே விடுவதா என்று சொல்கிறேன்.